கிணற்றடியில் ஒரு சேமிப்புக் கணக்கு

ஐதராபாத்தின் பாலாநகரில், தொழிற்கூடங்களுக்கு நடுவே அமைந்துள்ளது இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, எங்கே தோண்டினால் நீர் கிட்டும் என்பதைக் காட்டும் நிலத்தடி நீர்வள வரைபடங்களை நாட்டிற்கு ஆக்கித் தந்த நிறுவனம் இது. ஆயினும் அந்நீரில் வாழும் உயிர்களை விண்ணிலிருந்து காண இயலாது. அவற்றை நமக்குக் காட்டித் தருபவை பெரும்பாலும் வீட்டுக் கிணறுகளே.

கேரளத்தின் கோட்டயத்தில் ஒரு கிணற்றிலிருந்து கிடைத்த கண்ணற்ற சிறு கெளுத்தி மீன், 1950இல் ஹோராகிளானிஸ் கிருஷ்ணாய் எனப் பெயர் பெற்றது. இருளில் பார்வை வேண்டாமையால் கண்ணையும், நிறம் வேண்டாமையால் நிறமியையும் இழந்த இனம் அது. 2023இல் விவரிக்கப்பட்ட அதன் உறவினத்திற்கு, ஆய்வுக்குத் துணைநின்ற பொதுமக்களைப் போற்றும் வகையில் ‘பாப்புலி’ என்று பெயரிட்டனர்.

கடலோரக் குகை நீர்நிலைகளின் வியப்பு இன்னும் பெரிது. அங்கே மழைநீர் மேலும் கடல்நீர் கீழுமாக அடுக்கி நிற்கும். பகாமாத் தீவுகளின் அத்தகைய குகையொன்றில் 1979இல் ரெமிபீடியா என்னும் கண்ணற்ற ஓட்டுடலி வகுப்பே புதிதாகக் கண்டறியப்பட்டது. அவ்வகுப்பைச் சேர்ந்த மெக்சிகோ இனமொன்று நஞ்சால் இரையை வீழ்த்துவது 2013இல் வெளியாயிற்று.

இவ்வுயிர்களில் பல, மிகச் சிறிய நிலப்பரப்பில் மட்டுமே வாழ்பவை. அங்கு நீர் கெட்டால் அவை ஒதுங்க வேறிடமில்லை. கழிவுநீர்க் கசிவு, பாறை வெட்டுதல், மிகையாக நீர் இறைத்தல் ஆகியவை அவற்றின் பகைகள். கடலோரத்தில் நன்னீர் மட்டம் கடல்மட்டத்தை நோக்கி 1 மீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறக்கூடும் என்பது நீரியல் கணக்கு. அவ்விழப்பு மீனுக்கு மட்டுமன்று, நம் குடிநீருக்கும் உரியது.

வரவறிந்து செலவு செய்யும் வாடிக்கையாளர்களாகிய நாம் நிலத்தடி நீரையும் அவ்வாறே பேணலாம். மழைநீரைக் கிணற்றருகே சேமிப்போம். கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றினின்று தள்ளி அமைப்போம். வெளிறிய, கண்ணற்ற உயிரேதும் வாளியில் வந்தால், படமெடுத்து அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்குத் தெரிவிப்போம்.