தென்னையின் வெள்ளை ஈயும் அதன் சத்துருவும்

விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுக்காவில், புதுச்சேரிக்கு வடக்கே கடலோரமாக உள்ள கோட்டக்குப்பம் முதலிய ஊர்களில் தென்னை வைத்திருப்போர் அறிய வேண்டிய அந்நியப் பூச்சி ஒன்றுண்டு. அது சுருள் வெள்ளை ஈ எனப்படும். மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இவ்வீ, நம் நாட்டில் முதன்முதலாக 2016-ஆம் வருஷத்தில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் காணப்பட்டது.

ஓலையின் அடிப்புறத்தில் வெண்மெழுகுப் பொடியுடன் முட்டைகள் சுருள் சுருளாக இடப்பட்டிருப்பதே இதன் அடையாளம். குஞ்சுகளும் ஈக்களும் சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை வெளியிடும். அது கீழ் ஓலைகளின் மேற்புறத்தில் படிய, அதன்மேல் கரும்பூசணம் வளரும். வெயில் ஓலையிற் படாமையால் மரம் தளரும். வாழை, கொய்யா, கல்வாழை ஆகியவற்றிலும் இப்பூச்சி தங்கும். ஆதலின் தோப்பைச் சுற்றியுள்ள இவற்றையும் பார்த்தல் வேண்டும்.

ஓலை கறுக்கக் கண்டதும் விஷமருந்தை நாடுவது இயல்பே. ஆயினும் அது தோப்புக்கே கேடாய் முடியும். என்கார்சியா குவாடலூப்பே என்னும் மிகச் சிறிய குளவி வெள்ளை ஈயின் குஞ்சில் முட்டையிட்டு அதனை அழிக்கின்றது. குஞ்சின் வெறுங்கூட்டில் வட்டமான துளை இருப்பின், குளவி வளர்ந்து வெளியேறிவிட்டதென அறியலாம். மருந்து தெளித்தால் குளவி மாளும். மிஞ்சிய ஈயோ தடையின்றிப் பெருகும்.

பூச்சியைக்கொண்டு பகையை வெல்லும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. சாயத்திற்காக 1795-இல் பிரேசிலிலிருந்து கொணர்ந்த பூச்சி ஒருவகைக் கள்ளியை அழித்தது. தரிசு நிலங்களை அடைத்து நின்ற மற்றொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தீண்டவில்லை. 1926-இல் இலங்கை வழியாக வேறோர் இனம் கொணர்ந்து விடப்பட்டது. சில வருஷங்களுள் வெட்டியும் எரித்தும் ஒழியாத கள்ளிக்காடுகள் பட்டுப்போயின. தக்க சத்துரு கிட்டினால் காரியம் கைகூடும் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே செய்ய வேண்டுவன இவை. விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் தாள்களை ஏக்கருக்கு 8 வீதம், 6 அடி உயரத்தில் கட்டுக. ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுக. லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு வீதம் காய்ச்சிய பசையைத் தெளித்தால், கரும்பூசணம் உலர்ந்து உதிரும். குளவிக் குஞ்சுகள் உள்ள ஓலைத் துண்டுகளை மற்ற மரங்களில் கட்டுக. பூச்சி பற்றிய கன்றுகளைப் பிற ஊருக்கு அனுப்பலாகாது.

ஒருவர் தோப்பில் வளர்த்த குளவியை அடுத்தவர் மருந்து அழித்துவிடும். எனவே கிராம அதிகாரிகள் தோப்புக்காரர் யாவரையும் ஒருங்கே கூட்டி, இம்முறையை ஊர் முழுதும் ஒருமித்துக் கைக்கொள்ளச் செய்தல் நலம்.