பாறைத் தகராறும் வாழைத் தாரும்

வாழை பயிரிடுபவருக்கு மழை, சூறைக்காற்று, வாடல் நோய், மண்டி விலை ஆகியவையே வழக்கமான கவலைகள். எங்கோ நடக்கும் கடல் எல்லைத் தகராறும் தார் விலையைக் குலைக்குமா? குலைக்கும் என்பதற்கு 2012-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்ததே சான்று.

தகராறு என்ன?

தென் சீனக் கடலில் ஸ்கார்பரோ என்ற பாறைத் திட்டு உள்ளது. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தூரம். மீன் வளம் மிகுந்த இடம். இது தன்னுடையது என்கிறது பிலிப்பைன்ஸ். அக்கடலின் பெரும்பகுதியோடு இதுவும் தனக்கே உரியது என்கிறது சீனா. 2012 ஏப்ரலில் இரு நாட்டுக் கப்பல்களும் அங்கே எதிரெதிரே நின்றன.

வாழைக்கு வந்த வினை

அடுத்த மாதமே பிலிப்பைன்ஸ் வாழைக்காய்க்குச் சீனத் துறைமுகங்களில் சோதனை கடுமையாயிற்று. செதில் பூச்சி இருப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. பெட்டி பெட்டியாகக் காய்கள் துறைமுகத்திலேயே பழுத்து அழுகின. அவற்றை விளைவித்தவர்கள் அந்தப் பாறைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கே மிண்டனாவோ தீவில் இருப்பவர்கள். பாறையை அவர்கள் கண்ணால் கண்டதும் இல்லை.

விளைபொருள் மீது ஏன் கை வைக்கிறார்கள்?

பூச்சி, நோய் சோதனை செய்ய எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆகவே தடை என்று சொல்லாமலே தடுக்கலாம். வாங்குபவர் வேறு நாட்டில் காய் வாங்கிக் கொள்வார். விற்பவரோ முக்கால் முற்றலில் வெட்டிய காயை வைத்துக் காத்திருக்க முடியாது. நஷ்டப்பட்ட விவசாயிகளின் குரல் சொந்த அரசையே நெருக்கும்.

பிறகு நடந்தது

2012 ஜூனில் பிலிப்பைன்ஸ் தன் கப்பல்களைத் திரும்ப அழைத்துக் கொண்டது. சீனக் கப்பல்கள் அங்கேயே தங்கின. 2013-ல் பிலிப்பைன்ஸ் வழக்குத் தொடர்ந்தது. 2016 ஜூலையில் ஹேக் நகரில் நடுவர் மன்றம், அக்கடல் மீது சீனா கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் புதிய அதிபர் டுட்டர்டே சீனா சென்றார்; தீர்ப்பைப் பற்றி வற்புறுத்தவில்லை. பழங்களுக்கு இருந்த தடைகள் தளர்ந்தன. ஆனால் பாறைத் திட்டு சீனாவின் பிடியிலேயே இருந்தது. 2022-ல் வந்த அதிபர் மார்கோஸ் மீண்டும் அமெரிக்காவுடன் நெருங்கினார். 2023-ல் மேலும் நான்கு தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த இசைவு அளித்தார்.

நாம் அறிய வேண்டியது

பெரிய வியாபாரியின் கொள்முதல் நல்ல வருமானம்தான். ஆனால் அவர் ஒருவரையே நம்பியிருந்தால், அவருக்கும் நமக்கும் வேறு விஷயத்தில் மனத்தாங்கல் வந்தாலும் நம் விளைச்சல்தான் முதலில் அடி வாங்கும். நாட்டுக்கும் அப்படியே. ஆகவே வாங்குபவர் பலர் இருக்கட்டும். வயலில் பயிரும் இரண்டு மூன்று இருக்கட்டும்.