பிளவின் மேல் ஒரு ஸ்டேடியம்

அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியம் 1923-ல் திறக்கப்பட்டது. ஹேவர்டு நிலப்பிளவு அதன் அடியிலேயே, ஏறக்குறைய ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை ஓடுகிறது. பிளவின் இரு பக்கங்களும் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் எதிரெதிராக நகர்கின்றன. நிலநடுக்கமே வராவிட்டாலும் இந்த நகர்வு நிற்பதில்லை. பல பத்தாண்டுகளில் தூண்கள் சாய்ந்தன, சுவர் இணைப்புகள் வாய்பிளந்தன. 1868-ல் இதே பிளவில் பெரும் நிலநடுக்கமும் வந்திருக்கிறது.

பிறகு ஏன் இடத்தை மாற்றவில்லை? முதல் உலகப்போரில் உயிர்நீத்த கலிஃபோர்னியர்களின் நினைவிடம் அது. எனவே பழைய வெளிச்சுவரை வைத்துக்கொண்டு, உள்ளே மேற்குப் பக்க இருக்கைகளைப் புதிதாகக் கட்டினார்கள். 2012 செப்டம்பரில் ஸ்டேடியம் மீண்டும் திறந்தது.

பிளவு கடக்கும் இடங்களில்தான் உண்மையான சாமர்த்தியம். எவ்வளவு கம்பி போட்டாலும் பூமி இழுத்தால் கான்கிரீட் கிழியும். அதனால் அந்தப் பகுதிகளை மற்ற கட்டடத்திலிருந்து துண்டித்து, தனித்தனிக் கட்டைகளாக்கினார்கள். கட்டைக்குக் கீழே தடித்த கான்கிரீட் தளம். அதற்கும் கீழே பிளாஸ்டிக் விரிப்பும் மணலும். தரை விலகினால், ஈரச் சோப்பு போல, கட்டை உடையாமல் வழுக்கும். பக்கவாட்டில் 6 அடி, மேலும்கீழுமாக 2 அடி வரை நகர்வைத் தாங்கும்படி கணக்கிட்டிருக்கிறார்கள்.

மேலே உள்ள பத்திரிகையாளர் மாடத்துக்கு வழி வேறு. அதைத் தாங்கும் சுவர்கள் அடியில் லேசாக ஆடி, பழைய நிலைக்கே திரும்பும். மாடத்துக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள அதிர்வுத் தாங்கிகள் அந்த ஆட்டத்தின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும்.