உறையற்ற தீநுண்மங்கள் உயிரணுவினுள் நுழைதல்

உறையற்ற தீநுண்மங்கள் என்பவை புறத்தே கொழுப்பாலான உறை இன்றி, மரபுப்பொருளையும் அதனைச் சூழ்ந்த புரதக்கூட்டையும் மட்டுமே கொண்ட தீநுண்மங்கள் (வைரசுகள்) ஆகும். இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ தீநுண்மம், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை ஏற்படுத்தும் ரோட்டா தீநுண்மம், அடினோ தீநுண்மம் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

நுழைவில் உள்ள சிக்கல்

இன்ஃபுளுவென்சா, எச்.ஐ.வி போன்ற உறையுள்ள தீநுண்மங்கள் தம் உறையை உயிரணுவின் மென்சவ்வுடன் ஒன்றிணைத்து உள்ளே நுழைகின்றன. உறையற்றவற்றுக்கு இவ்வழி இல்லை. அவை மென்சவ்வைத் துளைக்கவோ கிழிக்கவோ வேண்டும். மேலும், புரதக்கூடு உயிரணுவுக்கு வெளியே உறுதியாக இருத்தல் வேண்டும். உரிய இடத்தை அடைந்ததும் குலையவும் வேண்டும். இம்மாற்றத்தைத் தூண்டும் குறிப்பு ஒவ்வொரு தீநுண்மத்துக்கும் வேறுபடும்.

போலியோ தீநுண்மம்

இதன் கூடு ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுடையது. நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு 60 படிகளாக அமைந்து இதனை ஆக்குகின்றன. இதன் முப்பரிமாணக் கட்டமைப்பு 1985 ஆம் ஆண்டிலும், மனித உயிரணுவின் மேற்பரப்பில் இது பற்றும் ஏற்பி (சிடி155) 1989 ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டன. உடல் வெப்பநிலையில் ஏற்பியுடன் இணைந்ததும் கூடு சற்றே விரிவடைகிறது. உள்ளே மறைந்திருந்த வி.பி.4 என்னும் சிறு புரதமும், வி.பி.1 புரதத்தின் ஒரு முனையும் வெளிப்பட்டு மென்சவ்வில் பதிகின்றன. இவ்வாறு உண்டாகும் வழியூடாக, ஏறத்தாழ 7,500 நியூக்ளியோட்டைடுகள் நீளமுள்ள ஆர்.என்.ஏ சைட்டோபிளாசத்தை அடைகிறது. வெற்றுக்கூடு எஞ்சுகிறது.

பிற வழிமுறைகள்

அடினோ தீநுண்மம் ஏறத்தாழ 90 நானோமீட்டர் அளவுடையது. உயிரணு இதனை மென்சவ்வாலான சிறுபை ஒன்றினுள் விழுங்கிக்கொள்கிறது. கூட்டின் ஒரு பகுதி கழன்றதும் வெளிப்படும் 'புரதம் 6' அப்பையின் சவ்வைச் சிதைக்கிறது. வெளியேறிய கூடு நுண்குழாய்கள் வழியே நகர்ந்து, உட்கருத் துளையில் தன் டி.என்.ஏவை விடுவிக்கிறது.

ரோட்டா தீநுண்மத்தின் வெளிப்புரதம் ஒன்றைக் குடலிலுள்ள டிரிப்சின் நொதி வெட்டுகிறது. செரிமானத்துக்குரிய நொதியே இத்தீநுண்மத்தின் தொற்றும் திறனைக் கூட்டிவிடுகிறது.

முக்கியத்துவம்

மதுசாரக் கைத்தூய்மிகள் கொழுப்பு உறையை எளிதில் சிதைக்கின்றன. உறையற்ற தீநுண்மங்கள் பலவற்றின் மீது அவற்றின் பயன் குறைவு. ஆகவே வயிற்றுப்போக்கு பரவும் காலங்களில் சவர்க்காரமும் நீரும் கொண்டு கைகழுவுதல் இன்றியமையாதது.

தடுப்பூசியிலும் இவ்வறிவு பயன்படுகிறது. போலியோ தீநுண்மத்தைச் சூடாக்கினால், ஏற்பியைத் தொட்டபோது நிகழ்வதையொத்த மாற்றம் அதன் கூட்டில் ஏற்படுகிறது. உருமாறிய கூட்டுக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்புரதங்கள், உருமாறாத தீநுண்மத்தைத் தடுப்பதில்லை. செயலிழக்கச் செய்யப்பட்ட போலியோ தடுப்பூசியை 2 முதல் 8 பாகை செல்சியசில் பாதுகாப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.