பேசி வைத்தால் பிள்ளைகள் தவிக்கமாட்டார்கள்: இறுதிக் காலத்திற்கு ஆயத்தமாவது குறித்து

“நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?” இறப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். வாயால் சொன்னால் நடந்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம், பிள்ளைகள் மனம் நோகுமே என்ற தயக்கம் மறுபுறம். ஆனால் பேரப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துவிட்டு முதிர்ந்த வயதில் ஒருவர் காலமானால், அதைக் கல்யாணச் சாவு என்று சொல்லி மேளதாளத்தோடு வழியனுப்புகிறவர்களும் நாம்தான். இறப்பை ஏற்கும் மனம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றி முன்கூட்டியே பேசும் பழக்கம்தான் இல்லை.

இந்தக் கையேடு நோயுற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. காலையில் சந்தைக்குப் போய், மாலையில் கோயிலுக்குப் போய், நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கே முதலில் உரியது. தெளிவாக இருக்கும்போது எடுக்கும் முடிவே உங்கள் முடிவு.

“அம்மா என்ன விரும்பியிருப்பார்?”

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்கு 82 வயது. யீஷூனில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் காலை கடுமையான பக்கவாதம் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். பேச முடியவில்லை, விழுங்க முடியவில்லை, யாரையும் அடையாளம் தெரியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டுமா, நுரையீரலில் கிருமி தொற்றினால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டுமா, இதயம் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயல வேண்டுமா என்ற கேள்விகள் எழுகின்றன. மருத்துவர் பிள்ளைகளைப் பார்த்து, “உங்கள் அம்மா என்ன விரும்பியிருப்பார்?” என்று கேட்கிறார்.

“முடிந்ததையெல்லாம் செய்யுங்கள்” என்கிறார் மகன். ஜொகூரிலிருந்து ஓடிவந்த மகளோ, “எதிர்வீட்டுப் பாட்டி மாதிரி என்னைக் குழாயோடு படுக்கவைத்துவிடாதீர்கள் என்று அம்மா என்னிடம் சொன்னார்” என்கிறார். அம்மா அதைச் சொன்னது ஒரு முறை, அதுவும் சமையலறையில். மகனுக்கு அது தெரியாது. இருவருமே அம்மா மீது உயிரையே வைத்திருப்பவர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடுகிறது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனாலும் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வந்திருக்கலாம்.

முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல்

பெயர் நீளமாக இருக்கிறது. மலைக்க வேண்டாம். ‘ஏசிபி’ என்று சுருக்கமாகச் சொன்னால் மருத்துவமனையில் எல்லாருக்கும் புரியும். பயிற்சி பெற்ற ஒருவர் உங்களோடும், நீங்கள் விரும்பினால் உங்கள் குடும்பத்தாரோடும் அமர்ந்து பேசுவார். உங்களுக்கு எது மகிழ்ச்சி தருகிறது, எந்த நிலையில் வாழ்வது உங்களுக்கு வாழ்வாகத் தோன்றாது, இறுதிக் காலத்தை வீட்டில் கழிக்க விருப்பமா, உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக யார் பேச வேண்டும் என்பவற்றைக் கேட்டு எழுதி வைப்பார். சட்டப் பத்திரம் அன்று. கட்டாயமும் அன்று. நீங்கள் சுயமாக முடிவெடுக்கும் ஆற்றலை இழந்த பிறகுதான் மருத்துவர்கள் இதை எடுத்துப் பார்த்து, உங்கள் நலனுக்கு எது உகந்தது என்று முடிவு செய்வார்கள். அதுவரை உங்கள் வாய்ச்சொல்லே போதும். மனம் மாறினால் திட்டத்தையும் மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

உங்களுக்காகப் பேசுபவரைத் தேர்ந்தெடுப்பதில் சற்று நிதானம் வேண்டும். மூத்த மகன் என்பதற்காக மட்டும் ஒருவரை நியமிக்காதீர்கள். உங்கள் மீது மிகுந்த பாசம் உள்ளவர், “போதும்” என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல முடியாமல் உடைந்துபோகலாம். இளைய மகளோ, உடன்பிறந்தவரின் பிள்ளையோ, நெடுநாள் தோழியோ உங்கள் மனத்தை நன்கு அறிந்து அதை உறுதியாக எடுத்துச் சொல்லக்கூடியவராக இருக்கலாம். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். மற்ற பிள்ளைகளிடமும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். “உன்னை நம்பாமல் இல்லை, உனக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்றுதான்” என்று நீங்களே சொன்னால் பிறகு மனக்கசப்பு இருக்காது.

பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, “ஏசிபி செய்ய வேண்டும்” என்று சொன்னால் போதும். தமிழில் பேசத்தான் வசதி என்றால் அதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். மொழிபெயர்க்கப் பேரப் பிள்ளையை அழைத்துப் போவது எல்லா நேரமும் சரிவராது. தாத்தாவின் மரணத்தைப் பற்றி இருபது வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பது எளிதான காரியமில்லை.

அதோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு பத்திரங்கள்

நீடித்த அதிகாரப் பத்திரம், அதாவது ‘எல்பிஏ’, சட்டப் பத்திரம். 2010ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த மனநல ஆற்றல் சட்டத்தின்கீழ் செய்யப்படுவது. மறதி நோயாலோ பக்கவாதத்தாலோ நீங்கள் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தால், உங்கள் தனிப்பட்ட நலனையும் பணம், சொத்து ஆகியவற்றையும் கவனித்துக்கொள்ளும் அதிகாரத்தை நீங்கள் நம்பும் ஒருவருக்கோ சிலருக்கோ இதன் மூலம் அளிக்கிறீர்கள். சிங்பாஸ் வழி இணையத்தில் படிவத்தை நிரப்பி, அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரில் ஒருவர் முன்னிலையில் உறுதிசெய்ய வேண்டும். நீங்கள் புரிந்துகொண்டுதான் செய்கிறீர்களா, யாரும் கட்டாயப்படுத்தவில்லையா என்று அவர் கேட்பார். இது செய்யாத நிலையில் நினைவாற்றல் போய்விட்டால், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் மருத்துவச் செலவுக்கே பணம் எடுக்கப் பிள்ளைகள் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அதற்குக் காலமும் ஆகும், செலவும் ஆகும். ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் எல்பிஏ பெற்றவருக்குக் கிடையாது. ஆகவே எல்பிஏ செய்துவிட்டோம், ஏசிபி தேவையில்லை என்று எண்ண வேண்டாம்.

முன்கூட்டிய மருத்துவ உத்தரவு வேறொன்று. குணப்படுத்த முடியாத நோயால் மரணத்தை நெருங்கி, சிந்தித்து முடிவெடுக்க முடியாத நிலையில், இயந்திரங்களின் உதவியால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீங்கள் கையெழுத்திடும் படிவம் அது. இரண்டு சாட்சிகள் தேவை, ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். உங்கள் மறைவால் ஆதாயம் பெறக்கூடிய எவரும் சாட்சியாக இருக்க முடியாது. வலியைக் குறைக்கும் பராமரிப்பு அதனால் நின்றுவிடாது.

கடைசி நாள்களில் உடல்

பலருக்கு இறப்பைவிட அதற்கு முன் வரும் வேதனையை நினைத்துத்தான் பயம். நோய்த்தணிப்புப் பராமரிப்பு அதற்காகவே உள்ளது. வலி, மூச்சுத் திணறல், குமட்டல், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணிப்பதே அதன் நோக்கம். நோய்க்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் பெறலாம். “அங்கே அனுப்பிவிட்டார்கள், அப்படியென்றால் கைவிட்டுவிட்டார்கள்” என்று நினைப்பது தவறு. தாதியரும் மருத்துவர்களும் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை உண்டு, பகல்நேர நிலையங்கள் உண்டு, தங்கியிருக்கும் அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்களும் உண்டு. மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம்.

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் பலர் பதறுகிறார்கள். மருத்துவர் கணித்துத் தரும் அளவில் அது வலியையும் மூச்சுத் திணறலையும் குறைக்கும் மருந்து. உயிரைப் பறிக்கும் மருந்தன்று. வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. “பரவாயில்லைம்மா, தாங்கிக்கிறேன்” என்று சொல்லும் தலைமுறை உங்களுடையது. தாதியிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

உணவு விஷயம்தான் நம் வீடுகளில் அதிக வேதனை தருவது. இறுதி நாள்களில் பசி குறைந்து, பிறகு அற்றே போகும். உடல் மெல்ல அடங்கும்போது அதற்கு உணவு தேவைப்படுவதில்லை. சாப்பிடாததால் அவர் இறப்பதில்லை, இறுதி நெருங்குவதால் சாப்பிடுவதில்லை. இதை அறியாமல் கஞ்சியை வற்புறுத்திப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் ஊற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விழுங்க முடியாதவருக்கு ஊற்றாமல், பஞ்சை நனைத்து உதட்டைத் தொட்டால் போதும். கடமையும் நிறைவேறும், மூச்சும் அடைக்காது. இதை உங்கள் பிள்ளைகளிடம் நீங்களே இப்போதே சொல்லி வைக்கலாம். “நான் சாப்பிடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பட்டினி போட்டுவிட்டோம் என்று அழாதீர்கள்” என்று நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம் அவர்களைப் பல ஆண்டுகளுக்குத் தாங்கும்.

அதேபோல, முதுமையாலும் நோயாலும் தளர்ந்த ஒருவரின் இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்தி மீண்டும் இயக்குவது தொலைக்காட்சி நாடகங்களில் வருவதுபோல் இருக்காது. விலா எலும்புகள் முறியலாம். பிழைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. இதை வேண்டுவதும் வேண்டாமென்பதும் உங்கள் விருப்பம். தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

வீட்டில்தான் கண்மூட வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், கடைசி மணிநேரத்தில் யாரை அழைப்பது என்பதை வீட்டுக்கு வரும் பராமரிப்புக் குழுவிடம் முன்பே கேட்டு, அந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் மீது ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் பிள்ளைகள் 995ஐ அழைத்தால், வீட்டில் இருக்க நினைத்தவர் மருத்துவமனையில் இருக்க நேரிடலாம். வீட்டில் இறப்பவருக்கு மருத்துவர் வந்து காரணத்தை உறுதிப்படுத்த வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து, மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததும் இறப்பு தானாகவே பதிவாகிவிடுகிறது. இறப்புச் சான்றிதழைப் பிள்ளைகள் இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

பணமும் வீடும்

மத்திய சேம நிதிப் பணம் உயிலில் அடங்காது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்திற்குப் போய், கட்டணம் கழித்து, சட்டப்படி பங்கிடப்படும். திருமணத்திற்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும். மணவிலக்கினால் நியமனம் ரத்தாகாது. முன்னாள் கணவரின் பெயரோ மனைவியின் பெயரோ இன்னும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வீவக வீடு இருவர் பெயரில் கூட்டு உரிமையாக இருந்தால் ஒருவர் மறைந்ததும் மற்றவருக்குப் போய்விடும், உயிலில் வேறு விதமாக எழுதியிருந்தாலும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. சொத்து பெறப்போகிறவரோ அவருடைய கணவர் அல்லது மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்குரிய பங்கு பறிபோகும். முஸ்லிம்களின் சொத்துப் பங்கீட்டுக்கு ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும்.

சொல்லாமல் இருப்பவை

பத்திரங்களில் அடங்காத செய்திகள் பல. எந்தச் சேலையை உடுத்த வேண்டும்? மகன் இல்லாத வீட்டில் மகள் கொள்ளி வைக்கலாமா? ஊரிலிருந்து தம்பி வரும்வரை காத்திருக்க வேண்டுமா, அன்றே மண்டாய்க்குக் கொண்டுபோக வேண்டுமா? அஸ்தியை எங்கே கரைப்பது? உங்கள் விருப்பத்தை ஒரு தாளில் எழுதி வைத்தால், புளோக்கின் கீழ்த்தளத்தில் சொந்தபந்தம் கூடி நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பேச்சுக் கேட்டுத் திண்டாட மாட்டார்கள்.

பிள்ளைகள் “இப்போது எதற்கு இதெல்லாம்” என்று பேச்சை மாற்றினால் விட்டுவிட்டு வேறொரு நாள் தொடங்குங்கள். வேறொருவர் வீட்டுத் துக்கத்திற்குப் போய்வந்த மாலை இதற்கு நல்ல நேரம். “அவருக்குச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது” என்றோ, “எனக்கு அப்படி வேண்டாம்” என்றோ ஆரம்பிக்கலாம். நோயின் உண்மை நிலையை அறிய நீங்கள் விரும்பினால், அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று பிள்ளைகள் மறைப்பதும், பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று பெற்றோர் தெரியாததுபோல் இருப்பதும் நம் குடும்பங்களில் வழக்கம். ஒரே அறையில் இருந்துகொண்டு இரு தரப்பும் தனித்தனியாக அழுகிறார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யாராவது இருக்கலாம். பல ஆண்டுகளாகப் பேசாத அண்ணன் இருக்கலாம். அதற்கு எந்த அலுவலகமும் படிவம் தராது. தொலைபேசியில் ஓர் அழைப்பு போதும். இந்த நினைப்புகளால் தூக்கம் கெட்டு, உணவு பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் போனால் அது வயதின் இயல்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏசிபி பற்றியும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகள் பற்றியும் அறிய ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைக்கலாம். அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்திலும் கேட்கலாம். தாள்கள் அனைத்தையும் ஒரே இடத்தில், பழைய பிஸ்கட் டின்னாக இருந்தாலும் சரி, போட்டு வையுங்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.