தாத்தா புல்லட்டுக்கு உயிர் கொடுக்கப் போறீங்களா? முதல்ல கிராங்க் கேஸைப் பாருங்க!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் சில வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய புல்லட் தூசி படிந்து நிற்கும். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது. அதை மறுபடி ஓடவைக்க ஆசையா? பிஸ்டனுக்கும் பெயின்ட்டுக்கும் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், கிராங்க் கேஸைப் பாருங்கள்.

என்ஜினின் அடியில் இருக்கும் அலுமினியக் கூடுதான் அது. இடது, வலது என இரண்டு பாதிகள். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவது இதற்குள்தான். பழைய புல்லட்டில் ஆயில் தங்கும் அறையும் இதிலேயே இருக்கிறது. பிஸ்டன் தேய்ந்தால் வேறு போடலாம். கேஸ் கெட்டிருந்தால், அதன்மேல் செய்த செலவெல்லாம் வீண்.

கை வைத்தது ஏன்?

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. நாம் '350' என்பது உண்மையில் 346 சிசி. சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. பின்னாளில் வந்த 500-ல் 84 மி.மீ. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.தான். அதனால், 350 கேஸின் வாயை லேத்தில் கடைந்து பெரிதாக்கி, 500 சிலிண்டரை உட்காரவைத்தவர்கள் உண்டு. செயின் அறுந்து உடைந்த கேஸை வெல்டிங் வைத்து ஒட்டியவர்களும் உண்டு.

எதைப் பார்க்க வேண்டும்?

வாய்: கடைந்திருந்தால், ஸ்டட் துளைகளைச் சுற்றி எவ்வளவு அலுமினியம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். சுவர் மெலிந்திருந்தால் விரிசல் விடும், ஆயில் கசியும். அந்தக் கேஸில் மறுபடி 350 சிலிண்டர் சரியாக உட்காராது.

பேரிங் துளை: கேஸைச் சூடாக்கினால்தான் பேரிங் உள்ளே இறங்க வேண்டும். சூடில்லாமல் கையால் அழுத்தியே இறங்கினால் துளை தேய்ந்துவிட்டது. சுற்றிலும் பஞ்ச் அடித்த புள்ளிகள் தெரிந்தால், யாரோ ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

விரிசல்: நன்றாகக் கழுவித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் ஈரக்கோடு மேலே வந்து காட்டிக்கொடுக்கும்.

ஜோடி: இரண்டு பாதிகளும் ஒரே ஜோடியா? வேறு வேறு வண்டியிலிருந்து சேர்த்தவை என்றால், இரு பக்க பேரிங் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று லேத் பட்டறையில் அளந்தே ஆக வேண்டும்.

எல்லா மாற்றமும் மோசமில்லை. சுத்தமான ஆர்கான் வெல்டிங், அதன்பின் மட்டமாக்கிய முகம், தேய்ந்த துளைக்குப் புஷ் போட்டு நேர்கோட்டில் கடைந்த வேலை... இவை பல வருடம் உழைக்கும். பயப்பட வேண்டியது, மறைத்து வைத்த ரிப்பேருக்குத்தான்.

நம்பர் பத்திரம்!

கேஸ் தேறாது என்றால், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கோ புதுப்பேட்டைக்கோ ஓடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். என்ஜின் நம்பர் பொறித்திருப்பது கிராங்க் கேஸில்தான். ஆர்.சி. புக்கில் இருப்பதும் அதே நம்பர். கேஸை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். நம்பரைத் தேய்த்து மறுபடி அடித்த கேஸ் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயதைத் தாண்டிய டூவீலரை 'வின்டேஜ்' வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. எனவே 1970-களின் தொடக்கத்தில் வந்த 350-ஐ இன்று 500 ஆக்கினால், அந்த வாய்ப்பும் கைநழுவலாம்.

"பிரிச்சுக் கழுவிப் பார்த்துட்டுதான் சார் ரேட் சொல்வேன்" என்று மெக்கானிக் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். வண்டியை அவரிடமே விடலாம்!