54 ஆண்டு காத்திருந்த கையெழுத்து! ஈயம் மறுத்தது, கம்ப்யூட்டர் ஏற்றது

பார்த்தால் பேனாவால் எழுதியது போலவே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் எழுத்து! பெயர் ‘ஸாப்ஃபினோ’.

இதை வரைந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஸாப். 1944-ல், உலகப் போர் நடந்த சமயம், ராணுவத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். அப்போதே இந்த ஆங்கில எழுத்துக்களை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டார்.

அச்சில்தான் ஏறவில்லை. ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டை. பக்கத்து எழுத்தின் மேல் வால் நீட்டி வளைய இடம் ஏது?

கம்ப்யூட்டர் வந்தது, கட்டை ஒழிந்தது. 1998-ல் லைனோடைப் கம்பெனி இதை வெளியிட்டது. அப்போது ஸாப்புக்கு 80 வயது நெருங்கிவிட்டது! (2015-ல் காலமானார்.)

ஒரே எழுத்துக்குப் பல உருவம் உண்டு. மாற்றி மாற்றிப் போடலாம். கையெழுத்து மாதிரி தெரிவதன் ரகசியம் இதுதான்.

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு ஜோர்! ஆசைப்பட்டு மண்டப விலாசத்தையும் இதிலேயே அடித்தால் போச்சு, விருந்தாளி வேறு மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

முழுக்க பெரிய எழுத்தில் அடித்தாலும் ஆபத்து. வால்கள் சிக்கி நூல்கண்டு ஆகிவிடும். வரிக்கு வரி தாராளமாக இடமும் விடவேண்டும். காகிதம் கொஞ்சம் கூடத்தான் செலவாகும்.